கட்டத்தின் அடியிலுள்ள எண்

நம் பள்ளிகளில் ரசாயன வகுப்பு நடக்கும் அறை எதுவாயினும், அதன் சுவரில் மேலும் கீழும் மரச்சட்டம் கோத்த துணிப்படம் ஒன்று தொங்குவதையும், அதன் 118 கட்டங்களில் மூலகங்களின் குறியீடுகள் வரிசை வரிசையாய் அமர்ந்திருப்பதையும் காணலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எண் இரண்டு உண்டு. மேலே நிற்பது முழு எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிசகாமல் படியேறிச் செல்வது. பரீட்சைக்காக மாணவர் நெட்டுருப் போடுவது அதைத்தான். அடியில் நிற்பதோ தசமப் புள்ளியும் அதன் பின்னே ஒரு வாலும் கொண்ட எண்: குளோரினுக்கு 35.45, செம்புக்கு 63.55, ஈயத்திற்கு 207.2. கணக்குப் போடும்போது தேவைப்பட்டால் அண்ணாந்து பார்த்து எழுதிக்கொள்வதற்கு மேல் அந்த எண்ணுக்கு மரியாதை கிடையாது. ஆயினும் சரித்திரக் கிரமத்தில் அடியெண்ணே மூத்தது. மேலெண் அதற்கு நூறாண்டு இளையது. அட்டவணை முழுவதுமே அடியெண்களைக் கொண்டு கட்டப்பட்டது. அணுவை ஒரு கருவியின் வழியேனும் மனிதக் கண் கண்டது 1955-இல். அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் எடையை நிறுத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பதும், காணாத பொருளை நிறுக்கத் துணிந்த அந்த விபரீதக் காரியமே ரசாயனத்தை ஒரு சாஸ்திரமாக்கிற்று என்பதும் இக்கட்டுரையின் விஷயம்.

அணு என்னும் எண்ணம் புதியதன்று. கணாதரின் மரபில் வந்த வைசேஷிகர், சாளரத்தின் வழியே நுழையும் வெயிற்கற்றையில் மிதந்து ஆடும் தூசியைக் கண்ணுக்குப் புலனாகும் மிகச் சிறிய பொருளாகக் கொண்டு, அதுவும் இரண்டிரண்டு பரமாணுக்கள் சேர்ந்த மூன்று இணைகளால் ஆனது என்று பகுத்துரைத்தனர். கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும் அவருடைய ஆசிரியரும் பிளக்கலாகாத துகளைப் பேசினர். நுண்மையிலும் தருக்கத்திலும் இவர்களுக்குக் குறை சொல்ல இயலாது; ஆனால், இரும்பின் அணு கந்தகத்தின் அணுவைக் காட்டிலும் எத்தனை மடங்கு கனம் என்று இவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை தேடுவதற்குத் தராசு இல்லாமற் போகவில்லை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று பொன் நிறுத்த நாடு இது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்ததாகவும், நகைகளைத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுத்ததாகவும் குறித்து வைத்திருக்கின்றன. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எடை என்பதற்கு அர்த்தமில்லை என்ற விவேகம் அந்தக் கணக்கருக்கு இருந்தது. தராசு கடைவீதியிலும், அணு பண்டிதர் சபையிலும் இருந்தன. இரண்டும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

சந்திக்க வைத்தவருள் முதல்வர் பாரீஸின் லவாஸியே. அவர் அரசாங்கத்தின் வரிகளை ஏலத்தில் எடுத்து வசூலித்த கூட்டத்தில் ஒரு பங்காளி. அந்தத் தொழிலே 1794-இல் அவர் தலையைக் கில்லட்டினுக்குக் கொண்டு போயிற்று. வரவும் செலவும் நேராகாத வரையில் கணக்கை மூடாத அந்தக் கணக்கப்பிள்ளைப் புத்தியை அவர் பரிசோதனைச் சாலைக்கும் எடுத்துச் சென்றார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நெடுநாள் காய்ச்சினால் அடியில் மண் போன்ற வண்டல் தங்குவதைக் கண்டு, நீரே மண்ணாக மாறுகிறது என்று நம்பியிருந்த காலம் அது. 1768-இன் இறுதியில் லவாஸியே, எழுந்த ஆவி குளிர்ந்து தன்னுள்ளேயே திரும்பி வடியும்படி அமைந்த ஒரு கண்ணாடிக் கலத்தை நிறுத்து, நீரையும் நிறுத்து, வாயை அடைத்து, 101 நாட்கள் காய்ச்சினார். வண்டல் தோன்றியது. கலமும் நீரும் சேர்ந்த மொத்த எடை மாறவில்லை. நீரை ஊற்றிவிட்டுக் கலத்தை மட்டும் நிறுத்தபோதோ அது எடை குறைந்திருந்தது. குறைந்த எடையும் வண்டலின் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நீர் மண்ணாகவில்லை, கண்ணாடிதான் கரைந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பூதத் தத்துவம் ஒன்றைத் தீர்த்துவைக்க அவருக்கு வேண்டியிருந்தது மூன்று மாதப் பொறுமையும் ஒரு நல்ல தராசும். பிறகு அவர் பாதரசத்தைக் காற்றுடன் பன்னிரண்டு நாட்கள் காய்ச்சி, மேலே படிந்த சிவப்புப் பொடியில் 45 கிரெயின் எடுத்து மீண்டும் கடுஞ்சூட்டில் வைத்து, 41.5 கிரெயின் பாதரசத்தையும், குறைந்த எடைக்குப் பொறுப்பான ஒரு வாயுவையும் திரும்பப் பெற்றார். அந்த வாயுவே பிராணவாயு. உலோகம் எரியும்போது ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற அக்காலச் சித்தாந்தத்திற்கு, எரிந்த உலோகம் ஏன் எடை கூடுகிறது என்ற கேள்வி நெடுநாளாய்த் தொண்டையில் முள்ளாயிருந்தது. அந்தச் சித்தாந்தம் அத்துடன் தளர்ந்தது.

எடை கூடுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் என்னவென்று நான் அறிந்தது கல்லூரி முதலாண்டில். மக்னீஷியம் நாடா 0.36 கிராம். அதைச் சுருட்டிப் பீங்கான் மூசையில் இட்டு, மூடியிட்டு, அடியில் பர்னர் விளக்கை ஏற்றிக் காய்ச்ச வேண்டும். காற்று புகுவதற்காக மூடியை அவ்வப்போது இடுக்கியால் மயிரிழை தூக்க வேண்டும். அதிகம் தூக்கினால் வெண்புகை நழுவும். நழுவுகிற புகைதான் நாம் நிறுக்க வேண்டிய பொருள். நான் ஆவலில் அதிகம் தூக்கினேன். பின்பு அவசரத்தில், சூடு முழுதும் ஆறாத மூசையைத் தராசுத் தட்டில் வைத்துக் கண்ணாடிக் கூண்டின் கதவை இறக்கினேன். கத்திமுனையின் மேல் சட்டம் அசைந்தது; முள் இடமும் வலமும் ஆடி, ஓரிடத்தில் நிற்பது போல் நின்று, மறுபடி நகர்ந்தது; ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மூசை கொஞ்சம் கொஞ்சமாய்க் கனத்துக்கொண்டே வந்தது. சூடான பாத்திரம் தன்னைச் சுற்றிய காற்றை மேலெழச் செய்து, அந்தக் காற்று தட்டைத் தூக்கிப் பிடிப்பதால், பொருள் உள்ளதினும் இலேசாகத் தோன்றுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. "ஆறட்டும் தம்பி, இன்னும் அரைமணி போகட்டும்" என்றார் மேற்பார்வைக்கு இருந்த ஆசிரியர். அரைமணி கழித்து நிறுத்தபோது சாம்பல் 0.57 கிராம் இருந்தது. 0.60 இருந்திருக்க வேண்டும். குறைந்த 0.03 கிராமில் புகையாய்ப் போனது பாதி. மீதிக்குக் காரணம், மக்னீஷியத்தில் ஒரு பங்கு பிராணவாயுவோடு சேராமல் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்துவிட்டிருக்கலாம் என்று அவர் சொன்னார். அந்த நைட்ரஜன் சேர்க்கை இக்கட்டுரையில் மீண்டும் வரப்போகிறது.

மக்னீஷியம் 0.36, பிராணவாயு 0.24, அதாவது மூன்றுக்கு இரண்டு. நாடாவைக் கூட்டினாலும் குறைத்தாலும், சென்னையில் எரித்தாலும் கொழும்பில் எரித்தாலும் இந்த விகிதம் மாறாது. ஒரு கூட்டுப்பொருளில் மூலகங்கள் எப்போதும் குறித்த எடை விகிதத்திலேயே கூடும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் புரூஸ்ட் நிலைநாட்டினார். மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஜான் டால்டன், விகிதங்களில் இன்னொரு விந்தையைக் கவனித்தார். ஒரே இரண்டு மூலகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுப்பொருள்களைத் தருமாயின், அவற்றின் எடைகள் முழு எண்களாய்த் தாவுகின்றன. மூன்று பங்கு கரியுடன் நான்கு பங்கு பிராணவாயு சேர்ந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு. எட்டுப் பங்கு சேர்ந்தால் கரியமில வாயு. ஐந்து, ஆறு, ஏழு என்ற பேச்சே இல்லை. பொருள் தொடர்ச்சியான மாவாக இருந்தால் இப்படித் தாவ வேண்டிய அவசியம் என்ன? தனித்தனி உருப்படிகளாக இருந்தால்தான் ஒன்றுக்குப் பின் இரண்டு என்று எண்ண வேண்டிவரும். 1803-இல் டால்டன் தம் குறிப்பேட்டில் எழுதிய சிறு பட்டியலே மூலகங்களின் முதல் எடைப்பட்டியல். ஹைட்ரஜனை ஒன்று என வைத்துக்கொண்டு, மற்றவை அதற்கு எத்தனை மடங்கு என்று எழுதினார். ஓர் அணுவின் உண்மை எடை எவ்வளவு கிராம் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. வானிலைக் குறிப்புகளை இளமையிலிருந்து மரணத்திற்கு முதல் நாள் வரை இடைவிடாமல் எழுதிவந்த அந்த மனிதருக்கு நிறங்களைப் பிரித்தறியும் கண் குறைபட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

ஆனால் இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு விரிசல் இருந்தது. கல்யாண வீட்டில் நூறு தாம்பூலப் பைகள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் தேங்காயும் எலுமிச்சம்பழமும் உண்டு. பைகளைப் பிரித்துப் பார்க்க அனுமதியில்லை. தேங்காய்களின் மொத்த எடை எலுமிச்சைகளின் மொத்த எடையைப் போல் எட்டு மடங்கு என்று மட்டும் தெரியும். பைக்கு ஒரு தேங்காய், ஒரு பழம் என்றால் தேங்காய் பழத்தைப்போல் எட்டு மடங்கு கனம். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு பழம் என்றாலோ தேங்காய் பதினாறு மடங்கு கனம். நிறுப்பதில் எந்தப் பிழையும் இல்லாமலே விடை இரண்டாய்ப் பிளக்கிறது. தண்ணீரின் கதை இதுவே. அதில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடைக்குப் பிராணவாயு எட்டுப் பங்கு. டால்டன் பரிசோதனையில் முரட்டுக் கை உடையவராதலால் ஏழு என்று பெற்றார். அதனினும் பெரிய பிழை, தண்ணீர் மூலக்கூற்றில் ஹைட்ரஜன் அணு ஒன்றே என்று எளிமையைக் கருதி அவர் வைத்துக்கொண்டது. இரண்டு அளவு ஹைட்ரஜனும் ஓர் அளவு பிராணவாயுவும் கூடி இரண்டு அளவு நீராவி தருகின்றன என்று கே-லுசாக் காட்டியதும், ஒரே சூட்டிலும் அழுத்தத்திலும் சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று இத்தாலியர் அவகாட்ரோ 1811-இல் எழுதியதும் அந்த மூட்டையைப் பிரிக்கப் போதுமானவை. அவகாட்ரோவை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரே மூலகத்தின் இரண்டு அணுக்கள் கைகோத்து ஒரு மூலக்கூறாக நிற்கக்கூடும் என்பது அக்காலத்துப் பெரியவர்களுக்குச் செரிக்கவில்லை.

இடைக்காலத்தில் நிறுக்கும் வேலை ஓய்ந்துவிடவில்லை. ஸ்டாக்ஹோமில் பெர்ஸீலியஸ், சமையலறையை அடுத்த சிறு கூடத்தில் ஆண்டுக்கணக்காய் இருந்து சுமார் இரண்டாயிரம் பொருள்களைப் பகுத்து நிறுத்தார். நாம் இன்று எழுதும் எழுத்துக் குறியீடுகளும் அவர் தந்தவையே. பாத்திரம் கழுவிக் கொடுத்தவர் அவருடைய சமையற்காரி ஆன்னா. ஒரு நாள் ஒரு குடுவையை முகர்ந்து, பழைய பெயரைச் சொல்லி, அந்த அமில வாடை அடிக்கிறது என்று அவர் முணுமுணுக்க, இனி அதைக் குளோரின் என்றே சொல்ல வேண்டும் என்று பெர்ஸீலியஸ் திருத்தினாராம்; அவரிடம் பயின்ற வோலர் எழுதி வைத்த செய்தி இது. ஒரு சித்தாந்தத்தின் தோல்வியைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஒப்புக்கொண்ட நேர்மையை இதில் நான் காண்கிறேன், ஏனெனில் குளோரின் ஒரு மூலகமே என்பதை அவர் நெடுங்காலம் மறுத்து வந்தவர்.

ஆளுக்கோர் எடைப்பட்டியல் வைத்துக்கொண்டதால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. காடியிலுள்ள அசிட்டிக் அமிலம் என்ற ஒரே பொருளுக்குப் பத்தொன்பது வகையாய் வாய்பாடு எழுதப்படுவதைக் கெக்குலே தம் பாடநூலில் திரட்டிக் காட்டினார். இதைத் தீர்ப்பதற்காக 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் சுமார் 140 ரசாயனிகள் கூடி, மூன்று நாள் வாதித்து, ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தார்கள். விஞ்ஞானத்தில் வாக்கெடுப்பு எதையும் தீர்ப்பதில்லை என்று அப்போதே சிலர் சொன்னதுண்டு. ஆனால் கலையும் வேளையில், இத்தாலியர் கான்னிஸ்ஸாரோ இரண்டாண்டுகளுக்கு முன் அச்சிட்டிருந்த ஒரு சிறு பிரசுரம் கைக்குக் கை வழங்கப்பட்டது. மறக்கப்பட்ட அவகாட்ரோவின் கொள்கையைக் கொண்டே அணுவெடைகளை ஐயமறக் கணிக்கலாம் என்று அது காட்டிற்று. அந்தக் கூட்டத்திலிருந்து ஊர் திரும்பியவருள், ஸைபீரியாவின் டபோல்ஸ்கில் பிறந்த இருபத்தாறு வயது மெண்டலீயெவ் ஒருவர்.

எடைகள் ஒழுங்கான பின் வரிசைப்படுத்தும் ஆசை பலருக்கும் வந்தது இயல்பே. லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39 என்று நடுவெண் இரு பக்கத்து எண்களின் சராசரியாய் அமையும் மும்மைகளை டோபரைனர் முன்பே கண்டிருந்தார். லண்டனின் நியூலாண்ட்ஸ், சங்கீதத்தின் ஸ்வரங்களைப்போல் எட்டாவது மூலகத்தில் முதல் மூலகத்தின் குணம் திரும்புகிறது என்று 1866-இல் அங்குள்ள ரசாயன சங்கத்தில் படித்தபோது, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் ஏளனமாய்க் கேட்டார். சங்கம் கட்டுரையை வெளியிடவும் மறுத்தது. நியூலாண்ட்ஸிடம் உண்மையிருந்தது, வெறுமையாய் விட வேண்டிய இடங்களை விடும் துணிவுதான் போதவில்லை. அந்தத் துணிவு மெண்டலீயெவுக்கு இருந்தது. ரஷ்ய நாட்காட்டிப்படி 1869 பிப்ரவரி 17 அன்று, தாம் எழுதிக்கொண்டிருந்த பாடநூலுக்கு அத்தியாய வரிசை தேடிக்கொண்டிருந்தவர், பாலாடைக்கட்டிப் பண்ணை ஒன்றைப் பார்வையிடும் பயணம் பற்றி வந்த கடிதத்தின் முதுகில் எண்களைக் கிறுக்கத் தொடங்கினார். அப்போது தெரிந்திருந்த மூலகங்கள் 63. எடையேற அடுக்கினால் குணங்கள் ஆவர்த்தமாய்த் திரும்புகின்றன. திரும்பாத இடத்தில் ஒன்று எடை தப்பு, அல்லது அங்கே ஒரு மூலகம் இன்னும் பிறந்தாகவில்லை என்று அவர் சொன்னார். யுரேனியத்தின் எடையை 120-லிருந்து 240 ஆக்கினார். பெரிலியத்தை 14-லிருந்து 9-க்கு இறக்கினார். இவற்றை அவர் நிறுக்காமலே திருத்தினார்.

வெறுங்கட்டங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் நமக்குத் தனியான ஒரு ருசியுடையவை: ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கன். நம் ஏகம் என்னும் சொல்லேதான். துவி, திரி என்பனவற்றையும் அவர் பிற கட்டங்களுக்கு வழங்கினார். பாணினியின் இலக்கணத்தைப் பதிப்பித்த போட்லிங்க் மெண்டலீயெவ் பணிபுரிந்த அதே ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பேர்போன ஸம்ஸ்கிருத அகராதியை வெளியிட்டுக்கொண்டிருந்த காலமாதலால், அச்சூழலின் வாசனை இது என்று அனுமானிப்போர் உண்டு. 1875-இல் பிரெஞ்சுக்காரர் புவாபோத்ரான் காலியம் என்ற புது மூலகத்தைக் கண்டு அதன் அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார். அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீயெவ், இது என் ஏக-அலுமினியம், அடர்த்தி 5.9-க்குக் குறையாது, சுத்தம் செய்து மறுபடி பாருங்கள் என்று எழுதினார். கண்டவருக்கு இது எவ்வளவு எரிச்சலாயிருந்திருக்கும்! சுத்தம் செய்து பார்த்தார், 5.9 இருந்தது. காலியம் 29.76 பாகையில் உருகும் உலோகம். ஐரோப்பியப் பரிசோதனைச் சாலையில் உள்ளங்கையில் வைத்தால் உருகுவதை அதிசயமாய்க் காட்டுவார்கள். சென்னையில் சித்திரை மாதத்தில் அதைக் கட்டியாய் வைத்திருப்பதுதான் அதிசயம். ஏக-சிலிக்கனுக்கு எடை 72, அடர்த்தி 5.5 என்று 1871-இல் அவர் எழுதியிருக்க, 1886-இல் விங்க்ளர் கண்ட ஜெர்மேனியம் எடையில் 72.3, அடர்த்தியில் 5.47 காட்டிற்று.

இத்தகைய வெற்றிகளையே சொல்லி முடித்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். நிறுத்த உண்மைக்கு மெண்டலீயெவ் தலைவணங்க மறுத்த இடமும் உண்டு. டெல்லூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9, எடைப்படி அயோடின் முன்னும் டெல்லூரியம் பின்னும் நிற்க வேண்டும். குணத்தைப் பார்த்தாலோ அயோடின் குளோரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் குழந்தைக்கும் ஐயம் வராது. மெண்டலீயெவ் குணத்தின் பக்கம் நின்று இடம் மாற்றி வைத்ததுடன், டெல்லூரியத்தை நிறுத்தவர்கள் தவறிவிட்டார்கள், அதன் எடை 123-க்கும் 126-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். அவர் சொல்லை மெய்யாக்க எத்தனையோ பேர் அதை வடித்து வடித்து நிறுத்தார்கள், எடை இறங்கவில்லை. வைத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு.

தராசின் நுட்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ராலே பிரபுவின் நைட்ரஜன் கதையைவிட மேலான நிதரிசனம் எனக்குத் தெரியாது. காற்றிலிருந்து பிராணவாயுவையும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி எஞ்சிய நைட்ரஜனை அவர் நிறுத்தார்: லிட்டருக்கு 1.2572 கிராம். நவச்சாரத்தின் இனமான அம்மோனியா முதலிய கூட்டுப்பொருள்களைச் சிதைத்துப் பெற்ற நைட்ரஜனையும் நிறுத்தார்: லிட்டருக்கு 1.2505. அவர் கையாண்ட கண்ணாடிக் கோளத்தில் அடங்கிய வாயுவின் எடையே இரண்டு கிராமுக்குச் சற்று மேல். இரண்டு நைட்ரஜன்களுக்கும் வேற்றுமை சுமார் 11 மில்லிகிராம். ஒரு குன்றிமணியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பரிசோதனைப் பிழை என்று கையை உதறிவிட இதைவிடச் சௌகரியமான சந்தர்ப்பம் வேறில்லை. அவர் உதறவில்லை, பிழையாயிருந்தால் சில வேளை இப்படியும் சில வேளை அப்படியும் போகும், இதுவோ எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்று கண்டு, 1892-இல் பத்திரிகையில் எழுதி ரசாயனிகளிடம் விளக்கம் கேட்டார். வில்லியம் ராம்ஸே முன்வந்தார். பழுக்கக் காய்ந்த மக்னீஷியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும்; என் மூசையில் பிழையாய் நேர்ந்த அதே சேர்க்கை. காற்று நைட்ரஜனை அந்த மக்னீஷியத்தின் மேல் பலமுறை செலுத்திச் செலுத்தி, எதனோடும் சேர மறுத்து எஞ்சிய ஒரு வாயுவை அவர் பிடித்தார். 1894 ஆகஸ்டில் இருவரும் அதை ஆக்ஸ்போர்டில் அறிவித்தனர். சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டனர். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அது. 1785-லேயே காவெண்டிஷ் காற்றில் மின்பொறிகளைச் செலுத்தி நைட்ரஜனை அழித்துக்கொண்டே போய், கடைசியில் மொத்தத்தில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி அழியாமல் நின்றதைப் பதிவுசெய்திருந்தார். அந்தக் குமிழி நூறாண்டுக் காலம் புத்தகத்துக்குள் காத்திருந்தது.

மறு ஆண்டு ராம்ஸே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிடித்தார். பூமியில் அது கிடைப்பதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே சூரியனில் அதன் சுவடு தெரிந்திருந்தது. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நேர்ந்த முழு கிரகணத்தை அக்காலச் சென்னை மாகாணத்து குண்டூரிலிருந்து ழான்ஸன் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்ததும், சென்னை வானிலையத்தின் போக்ஸன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கியதும் அந்தக் கதையின் முதல் அத்தியாயம். நம் நாட்டுடனான தொடர்பு அத்துடன் நிற்கவில்லை. டாட்டா நினைத்திருந்த விஞ்ஞான நிலையத்திற்கு இடம் தேர்ந்து சொல்வதற்காக 1900-இல் இந்தியா வந்து பெங்களூரைப் பரிந்துரைத்தவர் இதே ராம்ஸே. நியான், கிரிப்டான், ஸெனான் ஆகியவற்றை அவருடன் சேர்ந்து கண்ட டிராவர்ஸே அந்நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

ஆர்கான் அட்டவணைக்கு ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. அதன் எடை 39.95, பொட்டாசியத்தின் எடை 39.10. மறுபடியும் முன்பின் மாறுகிறது. மெண்டலீயெவ், அது மூலகமே அன்று, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கூடிய மூலக்கூறு என்று சில காலம் சாதித்தார். சங்கடம் தீர்ந்தது 1913-14-இல். இளைஞர் மோஸ்லி, ஒவ்வொரு மூலகமும் வெளியிடும் எக்ஸ்-கதிரின் அதிர்வெண்ணை அளந்து, அதன் வர்க்கமூலம் அட்டவணையின் கட்டந்தோறும் ஒரே அளவுப் படியாய் ஏறுவதைக் கண்டார். படியேறுவது எடையன்று, அணுக்கருவின் மின்னேற்றம். கட்டத்தின் மேலே நிற்கும் முழு எண் அவ்வாறுதான் பிறந்தது. ஆர்கான் 18, பொட்டாசியம் 19. டெல்லூரியம் 52, அயோடின் 53. எண்ணிக்கொண்டே போனால் எங்கெங்கே இடம் காலி என்பதும் தெரிந்தது. மோஸ்லி 1915 ஆகஸ்டு 10-இல் கல்லிப்போலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார், வயது இருபத்தேழு.

அப்படியானால் அடியெண்ணின் தசம வால் எதற்கு? அதே 1913-இல் ரசாயனி ஸாடி விடை சொன்னார்: ஒரே மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையின அல்ல. 35 எடையுள்ள குளோரினும் 37 எடையுள்ள குளோரினும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாய்க் கலந்திருப்பதால் நாம் நிறுக்கும் சராசரி 35.45 ஆகிறது, 35.45 எடையுள்ள ஒற்றைக் குளோரின் அணு உலகில் கிடையாது. இதை ஈயத்தில் சோதிக்கலாம் என்று ஸாடிக்குத் தோன்றிற்று. யுரேனியம் சிதைந்து சிதைந்து முடிவில் ஈயமாகிறது, தோரியமும் அவ்வாறே, இரண்டு ஈயங்களும் எடையில் வேறுபட வேண்டும். தோரியம் மிகுந்து யுரேனியம் குறைந்த தாது வேண்டும். அது இலங்கையில் கிடைத்த தோரைட். அதிலிருந்து பிரித்த ஈயத்தை ஸாடியும் அவருடன் பணிபுரிந்த ஹைமனும் 1914-இல் நிறுத்தபோது அது சாதாரண ஈயத்தைவிடக் கனமாயிருந்தது. அணுவெடை நிறுப்பதில் அக்காலத்தில் நிகரற்றவரான அமெரிக்கர் ரிச்சர்ட்ஸ் யுரேனியத் தாதுக்களின் ஈயத்தை நிறுத்தபோது அது இலேசாயிருந்தது. 206-ஐ ஒட்டி நின்றது. இரண்டும் ஈயமே, ரசாயனக் குணம் எதனாலும் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியாது, தராசு மட்டும் பிரித்தது.

தராசின் மறுதட்டில் வைக்கும் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1889 முதல் உலகத்தின் ஆடவல்லான், பாரீஸை அடுத்த ஸேவ்ரில் மூன்று கண்ணாடி மூடிகளுக்குள் காத்துவைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் பிரதிகளுள் 57-ஆம் எண்ணுடையது டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறாண்டில் மூலமும் பிரதிகளும் தமக்குள் 50 மைக்ரோகிராம் அளவுக்குப் பிசகிக்கொண்டன. மூலமே மாறினால் எதைக் கொண்டு அதை நிறுப்பது? 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து, கிலோகிராமை இயற்கையின் மாறாத எண் ஒன்றோடு கட்டிவிட்டார்கள். அதே நாளில், 12 கிராம் கார்பன்-12-ஐக் கொண்டு வரையறுத்து வந்த மோல் என்னும் அளவும், 6.02214076-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணிக்கை என்று நேரே விதிக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயர் வழங்குகிறது. உயிரோடிருந்த காலத்தில் அவருக்கு அது எவ்வளவென்று தெரியாது.

ஈயத்தின் எடை இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. எந்தச் சுரங்கம், எந்தப் பாறை என்பதைப் பொறுத்து அது மாறுவதால், சர்வதேச ரசாயன சங்கம் அண்மையில் அதற்கு ஒற்றை எண் தருவதை விட்டு, 206.14 முதல் 207.94 வரை என்று இரு கரை கட்டி அறிவித்தது. வகுப்பறைச் சுவரிலுள்ள துணிப்படத்தில் 82-ஆம் கட்டத்தின் அடியில் 207.2 என்றே இருக்கிறது.